டப்பாவில் குறைந்த ரொட்டித் துண்டுகள்

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெயில் முப்பத்து நான்கு டிகிரி. ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது, மழை இறங்கவில்லை, காற்றும் இல்லை. ஆம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து பேக்கரிக்கு ஓர் அலுமினியத் தட்டைச் சுமந்துகொண்டு நடந்தேன். தட்டில் வேகாத ரொட்டி ஒன்று, அதன்மேல் ஈரத்துணி. எழுபது வயதில் நான் செய்த முதல் சமையல் அது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

நான் தோல் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் செலக்‌ஷனில் இருந்தவன். பதனிட்டு முடித்த தோல் மேசைக்கு வரும். அதை விரித்து, தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரித்து எண்ணி அடுக்குவது என் வேலை. எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் என்னைவிட்டுப் போகவில்லை. வீட்டில் தீப்பெட்டி எத்தனை, எலுமிச்சம்பழம் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

என் மனைவிக்குச் சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுடைய மாத்திரையும் பிஸ்கட்டும் என் பொறுப்பு. டீயோடு இரண்டு பிஸ்கட். மூன்றாவதுக்குக் கை போனால், நான் எந்த அறையில் இருந்தாலும், "மூணாவது" என்று குரல் கொடுப்பேன். உறவுக்காரர்கள் யாராவது சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், "எனக்கு இன்னா தெரியும், அவர கேளுங்க" என்று என் பக்கம் கை காட்டுவாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வருடம் அவளுடைய வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண் ஏற்கெனவே மங்கல். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் செப்டம்பர் 17ஆம் தேதி ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அந்தத் தேதியைக் கேட்டு வாங்கியதே நான்தான். காரணம் எங்கள் மகள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவளுக்குக் குழந்தை உண்டாகியிருந்தது. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்டோபர் மூன்றாம் வாரம் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் ஆபரேஷன் செய்தால் ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, புகையில் உட்காரக் கூடாது. 17ஆம் தேதி செய்தால் அக்டோபர் 17ஆம் தேதியோடு அந்த ஒரு மாதம் முடிந்துவிடும். குழந்தை வரும்போது அவள் கால் நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டலாம். அதைத்தான் அவள் ஒன்பது வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து, துவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். மொத்தம் பதினெட்டுத் துணி.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தை அவள் எப்போதும் கேலியாகத்தான் வெளியே விடுவாள்.

"கண்ணுல கத்தி வெக்கப் போறாங்க. அந்தத் திராட்ச ரொட்டிய ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டாவது போலாம்னு பாத்தேன். நீங்க எங்க காட்டப் போறீங்க!"

திராட்சை ரொட்டி என்பது எங்கள் வீட்டில் பதினேழு வருடச் சங்கதி. 2007இல் கம்பெனி என்னை இத்தாலிக்கு அனுப்பியது. நாங்கள் அனுப்பிய சரக்கில் ரகம் கலந்துவிட்டது என்று வாங்கியவர் புகார் சொல்ல, அங்கேயே போய்த் தோலை மறுபடி பிரித்துக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். பதினோரு நாள். ஆற்றங்கரையில் ஒரு தோல் ஊர். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பாலாற்றுப் பாலத்தருகே நிற்பது போலவே தோல் நாற்றம் மூக்கில் ஏறியது. எனக்கு அரைப் பயம் போய்விட்டது. நான் போனது திராட்சை அறுக்கிற மாதம். தொழிற்சாலைக்கு எதிரே இருந்த பேக்கரியில் அகலமாக ஒரு ரொட்டி சுட்டு வைப்பார்கள். மாவின்மேல் கறுப்புத் திராட்சையை விதையோடு அழுத்தி, எண்ணெய் விட்டு, சர்க்கரையும் கல்லுப்பும் சோம்பும் தூவிச் சுட்டது. முதலில் இனிக்கும், அப்புறம் உப்பு வரும், கடைசியில் பல்லில் விதை நொறுங்கும். பதினோரு நாளும் மதியத்துக்கு அதையே சாப்பிட்டேன்.

ஊருக்குத் திரும்பி அதைப் பற்றிச் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரு துண்டு பொட்டலம் கட்டி எடுத்துனு வந்துருக்கலாம் இல்ல?" எடுத்து வரவில்லை. கெட்டுப்போகும் என்று பயம், விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். கையில் மிச்சமிருந்த பணத்தில் தோலின் கனம் அளக்கும் ஒரு கேஜ் வாங்கி வந்தேன், எனக்காக. அவளுக்கு விமானத்தில் கொடுத்த இரண்டு சாக்லேட். அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும், "இவரு இத்தாலியில ரொட்டி துன்னாரு, நான் ஆம்பூர்ல கத கேட்டேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அதனால் செய்து கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அங்கே சாப்பிட்டபடியே செய்ய எனக்குத் தெரியாது. என் அம்மா கேழ்வரகு அடை தட்டும்போது ஒரு வேலை செய்வாள். வெங்காயமும் முருங்கைக் கீரையும் போட்ட கார அடையின் நடுவில் ஒரு வெல்லக் கட்டியைப் புதைத்துவிடுவாள். கடைசி வாய் இனிப்பாக முடிய வேண்டும் என்பது அவள் கணக்கு. அதையும் இதையும் சேர்த்தேன். கோதுமை மாவும் மைதாவும் பாதிக்குப் பாதி, ஈஸ்ட், கடலை எண்ணெய். மேலே பன்னீர் திராட்சை, மெல்லியதாக அரிந்து வதக்கிய வெங்காயம், இடித்த மிளகு, சோம்பு, கல்லுப்பு, எண்பது கிராம் வெல்லத் தூள். முருங்கைக் கீரையை விட்டுவிட்டேன்.

மாவு உப்பியதும் தட்டில் பரப்பி, அலமாரியிலிருந்து கேஜை எடுத்து நான்கு மூலையிலும் கனம் பார்த்தேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, அது ரொட்டிப்பா! ஷூவுக்கு மேல்தோல் இல்ல."

"ஒரு பக்கம் கனமா இருந்தா அந்தப் பக்கம் வேகாது."

மனைவி கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, தெரிகிற அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, இது எந்த ரகம்? தள்ளுபடி சரக்க எங்க தலையில கட்டிடப் போறீங்க."

"வெந்த பிறகு சொல்றேன்."

"முப்பத்தெட்டு வருஷம் நான் பண்ணதுக்கு ஒரு நாளாவது முதல் ரகம்னு சொல்லியிருக்கீங்களா? உங்க சரக்குக்கு நான் போடறேன் பாருங்க ரகம்."

எங்கள் தெருமுனை பேக்கரியில் பிஸ்கட் வேலை முடிந்ததும் அடுப்பு சூட்டோடு இருக்கும். அக்கம்பக்கத்து வீட்டார் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாற்பது ரூபாய்க்குச் சுட்டுத் தருவார்கள். நோன்பு மாதத்திலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் அங்கே தட்டுகள் வரிசையில் நிற்கும். கடைக்காரர் பாய் ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, திராட்சைக்குப் பக்கத்துல வெங்காயம்? சண்ட போட்டுக்காதா ரெண்டும்?"

"போடாது பாய். சுட்டுக் குடுங்க."

"சுடறதுக்கு இன்னா, சுட்டுடலாம். நல்லா வரலைனா என் அடுப்பு மேல பழி போடாதீங்க. நீங்க எது குடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பாக்கற ஆளு."

இருபத்து இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது. திராட்சை வெடித்து, சாறு ஓடி, ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகப் பொரிந்திருந்தது. அங்கேயே பன்னிரண்டு துண்டு போட்டு ஒன்றைப் பாய்க்குக் கொடுத்தேன். மென்று விழுங்கினார். பிறகு, "ஜாஸ்தி இனிப்பும் இல்ல, ஜாஸ்தி காரமும் இல்ல. இது இன்னா சாமான்னு கேட்டா பதில் சொல்ல முடியாது. ஆனா இன்னொண்ணு குடுங்கனு கேக்கத் தோணுது" என்றார். கேட்கவில்லை.

வீட்டில் மகள் ஒரு வாய் கடித்துவிட்டு, நெஞ்சு கரிக்கிறது என்று வைத்துவிட்டாள். அந்த மீதியையும் சேர்த்து நான் இரண்டரைத் துண்டு தின்றேன். மனைவிக்கு ஒன்றுதான் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் திராட்சையைத் தொட்டாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, விதையைத் துப்பாமல், மெதுவாகத் தின்றாள்.

"எந்த ரகம்?" என்று கேட்டேன்.

"இருங்க. அவசரப்பட்டா எப்படி?" என்று தண்ணீர் குடித்தாள். ரகம் சொல்லவில்லை.

மிச்சம் ஏழு துண்டு. எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, மேடைமேல் வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு நான் படுத்திருந்தபோது டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பார்த்தேன். ஐந்து துண்டு இருந்தது. சாயங்காலம் ஒன்றை நான் எடுத்தேன். சனிக்கிழமை காலை திறந்தால் இரண்டு.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். அவளுடைய சர்க்கரை எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்பதும் வந்தது. ஆனால் அதையெல்லாம் முந்திக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது. முப்பத்தாறு வருடம் அடுத்தவர் செய்த சரக்கில் குறை தேடிச் சம்பளம் வாங்கியவன் நான். நான் செய்த ஒன்றை ஒருவர் எனக்குத் தெரியாமல் எடுத்துத் தின்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன ரகம் வேண்டும்? பதினேழு வருடமாக நான் தராத துண்டை அவளே எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். குரல் கொடுத்தால் அவள் நிறுத்திவிடுவாள். நிறுத்தக் கூடாது என்று இருந்தது. மாத்திரைதான் போடுகிறாளே, நாலு நாளில் என்ன ஆகிவிடும், போன வாரப் பரிசோதனையில் நூற்று நாற்பத்தெட்டுதானே என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். டப்பாவைச் சத்தமில்லாமல் மூடினேன்.

அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குப் போய் மாவும் திராட்சையும் வாங்கி வந்து இரண்டாவது ரொட்டி போட்டேன். "வெல்லம் இன்னும் கொஞ்சம் இருந்தா எடுப்பா இருக்கும்" என்று அவள் போகிற போக்கில் சொன்னாள். நூற்று இருபது கிராம் போட்டேன்.

அன்றைக்குப் பழைய இரண்டோடு சேர்த்துப் பதினான்கு துண்டு. பக்கத்து வீட்டுக்கு இரண்டு. எனக்குத் தினம் ஒன்றாக மூன்று. திங்கட்கிழமை இரவு டப்பாவில் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, வேலூர் போகக் கார் வந்து வாசலில் நிற்க, கேஸ் அடைத்திருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனவன் டப்பாவையும் திறந்தேன். காலி. ஓரத்தில் எண்ணெயும் இரண்டு சோம்பும் ஒட்டியிருந்தன.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். காரில் மகளும் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் அவள் கத்துவாள், போகிற நேரத்தில் எதற்கு என்று பூட்டைப் பூட்டிக்கொண்டு வந்து ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் பச்சை உடை மாட்டி, வலது கண்ணுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி, சொட்டு மருந்துகூட விட்டுவிட்டார்கள். கடைசியாக விரலில் குத்திச் சர்க்கரை பார்த்த நர்ஸ், மறுபடி இன்னொரு விரலில் குத்தினாள். முன்னூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இவ்ளோ சுகர்ல கண்ணத் தொட முடியாதுங்க. புண்ணு ஆறாது, சீழ் பிடிச்சா பார்வையே போயிடும். மாத்திரைய மாத்தித் தர்றேன். மூணு வாரம் கழிச்சு வாங்க."

அக்டோபர் 10ஆம் தேதி எழுதிக் கொடுத்தார். அங்கேயே மனத்துக்குள் கூட்டிவிட்டேன். 10ஆம் தேதி செய்தால் ஒரு மாதம் நவம்பர் 10. குழந்தை அதற்குள் வந்துவிடும்.

மகளும் கூட்டியிருக்க வேண்டும். நடைவழியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் எதிரே போய் நின்றாள்.

"இன்னாம்மா துன்ன நீ?"

"எப்பவும் போலதான். காலையில ஒரு இட்லி."

"பொய் சொல்லாத. போன வாரம் நூத்தி நாப்பத்தெட்டு. அந்த ரொட்டிதானே? எத்தன துன்ன?"

அம்மா பச்சை உடையின் முனையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

"நீதானே சொன்ன, பாப்பாவ என் கையாலதான் குளுப்பாட்டணும், வேற ஒருத்தி தொடக் கூடாதுனு? நாலு நாள் வாயக் கட்ட முடியலையா உனக்கு? சின்னப் புள்ளையாம்மா நீ?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி ஒட்டிய ஸ்டிக்கரோடு முகத்தை நான் நின்ற பக்கம் திருப்பினாள். அந்தப் புரைக்கண்ணுக்கு நான் ஒரு நிழலாகத்தான் தெரிந்திருப்பேன். அந்தத் தைரியத்தில் நான் சுவரில் இருந்த நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்து ஒன்று, நாற்பத்து இரண்டு என்று எண் மாறிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எட்டு நாள் அப்படியே போனது. புது மாத்திரையில் வாய் கசக்கிறது என்றாள்; சாப்பாடு குறைந்தது. மகள் அம்மாவோடு தேவைக்கு மட்டும் பேசினாள். பிஸ்கட் டப்பாவைத் தன் அறையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாவது நாள் மதியம், மகள் செக்கப்புக்குப் போயிருந்தாள். மனைவி முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணை அதில் வைக்காமல், விரலாலேயே காம்பைத் தேடிக் கிள்ளிப் போட்டாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"இந்தாம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"டப்பாவுல ரொட்டி கம்மியாகறது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கை நிற்கவில்லை. "எண்ணாம என்னைக்கு மூடியிருக்கீங்க நீங்க?"

"நீ திருட்டுத்தனமா எடுக்கறேனு நெனச்சேன். புடிச்சிருக்கு போலனு விட்டுட்டேன்."

இப்போது கை நின்றது.

"நான் எதுக்குத் திருடணும்? என் வூட்டு டப்பா. மூடிய தெறந்தா தெரு வரைக்கும் சத்தம் கேக்கும், அது எனக்குத் தெரியாதா? முதல் துண்டு எடுத்தப்ப பயந்துனேதான் எடுத்தேன். இப்ப குரல் வரும், இப்ப குரல் வரும்னு காத உங்க பக்கமே வெச்சினு இருந்தேன். வரல. நீங்க எழுந்து வந்து தெறந்து எண்ணிட்டும் போனீங்க. அப்பவும் வரல. சரி, மனுஷன் வெல்லத்த அளந்துதான் போட்டிருக்காரு, இது நமக்கு ஆவும்னு கணக்குப் போட்டுதான் சும்மா இருக்காருனு நெனச்சேன். மறுநாளே இன்னொரு ரொட்டி வேற சுட்டுனு வந்தீங்க. அப்புறம் எனக்கு இன்னா சந்தேகம்?"

பத்து வருடம் அவள் வாய்க்குக் காவல் நின்றவன், காவலை விட்டுவிட்டேன் என்று சொல்லாமலே விட்டிருக்கிறேன். அவளோ என் மௌனத்தைக் கணக்கு என்று நம்பித் தின்றிருக்கிறாள். பதின்மூன்று துண்டு.

"அப்ப ஆஸ்பத்திரியில பொண்ணு அவ்ளோ திட்டினப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கனு பாத்துனு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். முறத்தைத் தட்டிக் கீரையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பிறகு அவளே, "முதல் ரகம்தான். அத மட்டும் சொல்லிடறேன். அந்த வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கணும்" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அம்மாவ அத்தன பேர் முன்னாடி சின்னப் புள்ளையானு கேட்டேன்ப்பா. நீ பக்கத்துலயே நின்ன" என்றாள். பிறகு தன் அறைக்குப் போய்ப் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 10ஆம் தேதி ஆபரேஷன் நடந்தது. சர்க்கரை நூற்று முப்பத்தாறு. அக்டோபர் 16ஆம் தேதி பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ எழுநூறு. 19ஆம் தேதி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் காலை முதல் குளியல்.

குளிப்பாட்ட ஒரு அம்மாளை விசாரித்து ஏற்பாடு செய்திருந்தேன். சுறுசுறுப்பான ஆள், வந்ததும் வெந்நீர் எங்கே, மணை எங்கே என்று கேட்டு, பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி ஹாலில், புகை வராத தூரத்தில், பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியிலிருந்து பதினெட்டுத் துணியும் வெளியே வந்திருந்தன. தண்ணீர் விழுகிற சத்தத்தைத் தவிர அவளுக்கு அங்கே எதுவும் இல்லை.

"தண்ணி கொஞ்சம் சூடா இருக்கா மாதிரி இருக்கே?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"சத்தத்துலயே சூடு தெரியுதா அக்கா உனக்கு? எல்லாம் பதமாத்தான் இருக்கு."

"மூக்கப் புடிச்சு விட்டியா?"

"விடறேன், விடறேன். எம்மா, பேஜாரா போச்சு உங்க பாட்டியோட" என்று அவள் குழந்தையிடம் சொல்ல, குழந்தை வீறிட்டது. என் மனைவியின் இரண்டு கைகளும் மடியிலிருந்து தானாகத் தூக்கிக்கொண்டன. ஒன்றும் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, திரும்ப மடியில் இறங்கின. நான் கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் சாம்பிராணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எந்தப் பக்கமும் போக முடியவில்லை.

அப்படி இருபத்து இரண்டு காலை. தொப்புள் கொடி விழுந்ததையும் முதல் தடவை குழந்தை தண்ணீரில் அழாமல் இருந்ததையும் அந்த அம்மாள்தான் பார்த்தாள். எங்களுக்கு வாயால் சொன்னாள். ஒவ்வொரு நாளும் அவள் கிளம்பும்போது முன்னூற்று ஐம்பது ரூபாயை நான் கொடுப்பேன். மனைவி அந்த நேரம் பார்த்து என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். இப்போது அவளுக்கு நான் நன்றாகவே தெரிவேன்.

நவம்பர் 10ஆம் தேதி கடைசி நாள். குளிப்பாட்டியவளுக்குப் புடவை கொடுத்து அனுப்புவது முறை. ஐந்நூறுக்குள் எடுக்கலாம் என்று கிளம்பினேன்.

"நல்லதா எடுங்க. எனக்கு எடுக்கறதா நெனச்சு எடுங்க. என் வேலைய அவ பண்ணியிருக்கா" என்றாள் மனைவி.

எண்ணூற்று ஐம்பதில் ஒரு பச்சைப் புடவை எடுத்தேன். அதை மனைவி தன் கையால் அந்த அம்மாளுக்குக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து குழந்தையை அவள்தான் குளிப்பாட்டுகிறாள். புதுக் கை பழகாமல் குழந்தை நான்கு நாள் அழுதது. இப்போது அழுவதில்லை. கேஜை நான் அலமாரியின் மேல்தட்டில் துணியில் சுற்றிப் போட்டுவிட்டேன். டப்பாக்களைத் திறந்து பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. பார்த்தால் இப்போதெல்லாம் எத்தனை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ரொட்டிக்கும் மாவும் திராட்சையும் மற்றதும், பேக்கரி அடுப்புக் கூலியோடு அறுநூற்று முப்பத்தெட்டு. வீணாகப் போன அந்தச் செவ்வாய்க்கிழமைக் காருக்கு ஆயிரத்து எண்ணூறு, மறுபடி எடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அறுநூற்று ஐம்பது. குளிப்பாட்டிய கூலி ஏழாயிரத்து எழுநூறு, அந்தப் பச்சைப் புடவை எண்ணூற்று ஐம்பது. ஆகப் பதினோராயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு ரூபாய்.